மெய்முத்து எது?

பழைய முத்துமாலை ஒன்று கைக்கு வந்தால் அது மெய்யா போலியா என்று கண்டறிவது எவ்வாறு? மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது நகைக்கடைக் கேள்வி. பத்தரிடமும் பூதக்கண்ணாடியிடமும் விட்டுவிட வேண்டிய சங்கதி. ஆனால் வல்வெட்டித்துறை போன்ற ஓர் ஊரில் இக்கேள்வி எழும்போது அது பத்தரின் பட்டறையோடு நின்றுவிடுவதில்லை. ஒரு குடும்பத்தின் மானம், இறந்துபோன ஒருத்தியின் நாணயம், உடன்பிறந்தாரிடையே பங்கீடு, இவை அனைத்தையும் அது தொட்டுவிடுகிறது. ஆகவே இதைச் சற்று நின்று ஆராய்வது தகும்.

வல்வை கடலோடிகளின் ஊர். வடமராட்சியின் வடகரையிலிருந்து பாய்விரித்த கப்பல்கள் நாகபட்டினத்துக்கும் காக்கிநாடாவுக்கும் இரங்கூனுக்கும் சென்று அரிசியும் தேக்கும் ஏற்றி வந்த காலம் ஒன்றிருந்தது. கப்பல் கட்டப் பணம் தேவைப்பட்டபோது வீட்டுப் பெண்களின் நகை ஈடு போயிற்று. கப்பல் நன்றாகத் திரும்பியபோது நகையும் மீண்டு வந்தது. இரண்டாம் உலகப் போரோடு பாய்க்கப்பல் வணிகம் தேய்ந்தது. பின்னர் நம் நாட்டிலேயே போர் வந்தது. 1987 ஆம் ஆண்டு வடமராட்சிப் படையெடுப்பும், 1989 ஆகஸ்டில் இந்தியப் படை இவ்வூரில் நடத்திய படுகொலையும் மக்களை நாற்றிசையும் சிதறடித்தன. வீட்டையும் வள்ளத்தையும் விட்டோடியவர்கள் மடியில் முடிந்து எடுத்துச் சென்றவை நகைகளே. அந்த நகைகள் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சென்னையிலும் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கிடப்படுகின்றன. பங்கிடும்போது பொன்னை நிறுக்கலாம். முத்தை என்செய்வது? அப்போதுதான் கேள்வி பிறக்கிறது.

முதலில் கேள்விக்கு நேரான விடையைச் சொல்லிவிடுவோம்.

முத்தின் மேனி சுண்ணாம்புச் சத்தாலானது. கல்சியம் காபனேற்றுப் படிகங்கள் மெல்லிய தகடுகளாக, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு புரதப் பசையால் ஒட்டப்பட்டுப் படிகின்றன. இந்தத் தகடுகளின் விளிம்புகள் மிக நுண்ணியவை, கண்ணுக்குத் தெரியா, ஆனால் பல்லுக்குத் தெரியும். முன்பல்லின் விளிம்பில் முத்தை மெல்ல உரசினால் மெய்முத்து நறநறக்கும். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வழுக்கும். பல்லில் வைக்க விரும்பாதவர்கள் இரண்டு முத்துக்களை ஒன்றோடொன்று மெதுவாகத் தேய்த்துப் பார்க்கலாம். அங்கும் நறநறப்புத் தோன்றும்.

இரண்டாவது, துளையை நோக்குவது. பூதக்கண்ணாடியை வைத்துத் துளையின் வாயைப் பார்க்க வேண்டும். போலியில் பூச்சு அங்கே உரிந்தோ சுருண்டோ நிற்கும். அதன் கீழே கண்ணாடி பளிச்சிடும். மெய்முத்தின் துளை பெரும்பாலும் மிகக் குறுகியது. முத்து நிறையால் விலைபோவது. துளைத்தெடுக்கும் தூளும் காசு. ஆகவே பழைய தொழிலாளி இரு புறமிருந்தும் ஊசிபோல் துளையிட்டு நடுவில் கூட்டினான்.

மூன்றாவது, மாலை முழுவதையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பது. மெய்முத்துக்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒன்றில் சிறு மேடு, ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் நிறம் சற்று மங்கல். எல்லாம் அச்சில் வார்த்தாற்போல் இருந்தால் ஐயுறுக.

செய்யத்தகாதவையும் உள. முத்தை நெருப்பில் காட்டுவதும் காடியில் இடுவதும் சோதனைகளே அல்ல. அமிலம் பட்டால் மெய்முத்து நுரைத்துக் கரையும். போலியைப் பிடிக்க விரித்த வலையில் மெய்யே மாண்டுபோகும். இவ்விடத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இத்துணைச் சோதனையிலும் தேறிய முத்து மெய்முத்தா? இன்னும் சொல்ல முடியாது. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நறநறக்கும் முத்து கடலில் தானே விளைந்ததாகவும் இருக்கலாம். மனிதன் விளைவித்ததாகவும் இருக்கலாம். வளர்ப்பு முத்தின் உள்ளே ஒரு மணி உண்டு. பெரும்பாலும் அது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் வாழும் மட்டியின் ஓட்டை உருட்டிச் செய்த மணி. அந்த மணியோடு, வேறொரு சிப்பியிலிருந்து வெட்டிய சதைத் துண்டையும் சிப்பியின் உடலில் வைத்துக் கடலில் இறக்குகின்றனர். சிப்பி தன் இயல்பின்படி அந்த மணியைச் சுற்றிப் படலம் படலமாக முத்துப் பொருளைச் சுரக்கிறது. மேலே படிந்தது அதே சிப்பி சுரந்த அதே பொருள். பல்லால் வேறுபாடு காண இயலாது. துளையின் உட்சுவரில் மணியும் படலமும் சேரும் கோடு சில வேளை தெரியும். ஐயமறத் தீர்க்க வேண்டுமாயின் எக்ஸ் கதிர்ப் படமே கதி. கடலில் தானே விளைந்த முத்தில் வெங்காயத் தோல்போல் நடுவரை வளையங்கள் தோன்றும். வளர்ப்பு முத்தில் நடுவே மணியின் உருவம் நிற்கும்.

உடைத்தாலன்றி அல்லது ஊடுருவிப் படம் எடுத்தாலன்றித் தெரியாத ஒரு வேறுபாடு, அணிந்தவள் கழுத்துக்கும் பார்ப்பவர் கண்ணுக்கும் எட்டாத ஒரு வேறுபாடு, எங்ஙனம் மெய்க்கும் பொய்க்கும் உரிய வேறுபாடாயிற்று?

வரலாறு இதற்கு ஒரு விடை தருகிறது. 1917 இல் நியூயோர்க்கில் ஒரு செல்வரின் மனைவி இரட்டை வட முத்துமாலை ஒன்றை விரும்பினாள். அதன் விலை பத்து லட்சம் டொலர் என்று குறித்திருந்தார்கள். ஐந்தாம் அவெனியூவில் இருந்த அவர்களது மாளிகையைக் கார்ட்டியே நகை நிறுவனத்துக்குக் கொடுத்து அந்த மாலையைப் பெற்றுக்கொண்டனர். ஒரு மாளிகைக்கு ஒரு மாலை! 1957 இல் அந்த மாலை ஏலத்துக்கு வந்தபோது அதற்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டொலரே. மாளிகையோ இன்றும் அந்நிறுவனத்தின் கடையாக விளங்குகிறது. இடைப்பட்ட நாற்பது ஆண்டில் அந்த முத்துக்களில் ஒன்றேனும் போலியாக மாறிவிட்டதா? இல்லை. அவை இருந்தவாறே இருந்தன. மாறியது சந்தை.

சந்தையை மாற்றியவர்கள் யப்பானியர். மிக்கிமோட்டோ கோக்கிச்சி 1893 இல் ஓட்டோடு ஒட்டிய அரைமுத்தை விளைவித்துக் காட்டினார். முழு உருண்டை முத்துக்கு வழி கண்டவர்களில் இருவர் பெயர் குறிப்பிடத்தக்கது. ஒருவர் நிசிக்காவா என்ற உயிரியல் அறிஞர். மற்றவர் மீசே என்ற தச்சுத் தொழிலாளி. உலகம் அறிந்தது வணிகரின் பெயரை. தச்சரின் பெயர் அறிஞர் ஏடுகளில் ஒதுங்கிவிட்டது. அது வேறு கதை. ஆனால் முற்றிலும் வேறான கதையும் அன்று.

1921 இல் இந்த வளர்ப்பு முத்துக்கள் இலண்டனுக்கும் பாரிசுக்கும் வந்தபோது பெரும் வணிகர்கள் கொதித்தெழுந்தனர். இவை போலி, இவற்றை விற்பது மோசடி என்றனர். வழக்கு பாரிஸ் நீதிமன்றம் ஏறிற்று. அறிஞர்கள் அழைக்கப்பட்டனர். 1924 இல் தீர்ப்பு மிக்கிமோட்டோவின் தரப்புக்குச் சாதகமாயிற்று. கொதித்த வணிகர்கள் எதைக் காக்க முனைந்தனர்? உண்மையையா? தங்கள் பெட்டியில் இருந்த சரக்கின் விலையையா? சரக்கின் விலை என்று விடைசொல்வது எளிது, பெருமளவுக்குச் சரியும்கூட. ஆயினும் நேர்மையான ஒருவன் அவர்கள் தரப்பையும் ஒருமுறை எடுத்துப் பேசிப் பார்க்க வேண்டும். அவர்கள் கூறியது இது: “வாங்குபவள் கடலில் தானே விளைந்த அரிய பொருளை எண்ணிக் காசு தருகிறாள். நீ தொட்டியில் வளர்த்ததைக் கொடுத்து அந்தக் காசை வாங்கினால் அவளை ஏமாற்றுகிறாய்.” இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த நியாயம் முத்தைக் குற்றஞ்சாட்டவில்லை. பெயரைச் சொல்லாமல் விற்கும் வாயைத்தான் குற்றஞ்சாட்டுகிறது. பின்னாளில் உலக முத்து வணிகம் இந்த முடிவுக்கே வந்து சேர்ந்தது. வளர்ப்பு முத்தை விற்கலாம். “வளர்ப்பு” என்ற சொல்லை மறைத்து விற்கலாகாது.

மனிதக் கை பட்டதனால் ஒரு பொருள் தாழ்ந்துவிட்டது என்ற எண்ணத்தை மட்டும் நாம் ஏற்பதற்கில்லை. தானே விளைந்தது உயர்வு, உழைத்து விளைவித்தது இழிவு என்பது யாருடைய அளவுகோல்? உழவன் விளைத்த நெல்லைப் போலி நெல் என்று எவரேனும் கூறுவாரா? வல்வையின் கரையில் 1930 இல் ஒரு கப்பல் கட்டினார்கள்: அன்னபூரணி. மேஸ்திரிமாரும் தச்சர்களும் மரத்தை வளைத்து, ஆணி அறைந்து, பாய் கட்டி உருவாக்கிய கப்பல். அமெரிக்கர் ஒருவர் அதை வாங்கிப் புளோறன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர் மாற்றினார். இவ்வூர் மாலுமிகள் ஓட்டிச் செல்ல, 1938 ஆகஸ்டில் அது அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதன் பெயர் மாறியது, கொடி மாறியது. அத்திலாந்திக்கின் அலைகள் பெயரைக் கேட்டுச் சோதிக்கவில்லை. பலகையின் பொருத்தைச் சோதித்தன. மனிதக் கையால் ஆனது எதுவும் போலி என்றால் அன்னபூரணியும் போலியே. அவ்வாறு கூற இந்த ஊரில் எவர்க்கும் நா எழாது.

இனித் “தானே விளைந்தது” என்று போற்றப்படும் முத்தின் கதையைச் சற்றுப் பார்ப்போம். வல்வையிலிருந்து தெற்கே, மன்னார்க் கடலில், அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களை அடுத்து முத்துப் பார்கள் கிடந்தன. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக் காலத்திலேயே அவற்றின் புகழ் உலகெங்கும் பரவியிருந்தது. 1344 இல் இங்கு வந்த இபின் பத்தூத்தா, அம்மன்னனின் ஆட்கள் முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்ததைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். இவற்றினும் சிறந்த முத்தைக் கண்டதுண்டா என்று மன்னன் வினவ, கண்டதில்லை என்று பயணி விடையிறுத்தார். மன்னனுக்கு முன்னால் முத்தின் தரம் பேசுவோர் வேறு விடை சொல்வது அரிது.

அந்த முத்துக்களை எடுத்தவர் யார்? கிறித்துவுக்குப் பிற்பட்ட முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய கடற்பயண நூல், பாண்டி நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளிக்க வைத்தனர் என்கிறது. உலகின் அரசிகள் அணிந்த முத்து கைதியின் மூச்சில் விளைந்தது. நூற்றாண்டுகள் பல சென்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறின. 1905 ஆம் ஆண்டு மன்னார்ச் சலாபத்தில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. காலில் கல்லைக் கட்டி, மூக்கை அடைத்து, ஏழெட்டுப் பாகம் ஆழத்தில் ஒரு நிமிடமளவு மூச்சடக்கி, நாளொன்றுக்குப் பல பத்து முறை இறங்கி ஏறியவர்கள் அவற்றை எடுத்தனர். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடிப் பக்கமிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் அவர்கள் வந்திருந்தனர். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் தெரிந்தவன் என்று ஒருவனை அரசே சம்பளத்துக்கு வைத்திருந்தது. அவன் கரையில் நின்று மந்திரம் சொன்னாலன்றி மூழ்குவோர் கடலில் இறங்க மறுத்தனர். அச்சம் அத்துணை மெய்யானது.

கரைக்கு வந்த சிப்பிகள் “கொட்டு” எனப்பட்ட அடைப்புக்குள் குவிக்கப்பட்டன. மூன்று கூறு, இரண்டு அரசுக்கு, ஒன்று மூழ்கியவர்க்கு. அரசின் பங்கு, திறக்குமுன்னரே ஆயிரக் கணக்கில் ஏலம் போயிற்று. அழுகவிட்டுக் கழுவி எடுத்த முத்துக்களைச் சிறிதும் பெரிதுமான துளைகளையுடைய பித்தளைச் சல்லடைகளில் வணிகர் சலித்தனர். கழஞ்சாலும் மஞ்சாடியாலும் நிறுத்தனர். ஆணிமுத்து முதல் தூள்முத்து வரை பெயரிட்டனர். முத்தின் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை எடுத்துவந்தவனின் மூச்சுக்கு அந்தப் பட்டியலில் ஓர் இடமும் இருக்கவில்லை.

1906 இல் மரிச்சுக்கட்டியில் அந்தக் கொட்டை மேற்பார்க்கச் சென்ற இளம் ஆங்கில அதிகாரி லெனாட் வூல்ஃப், பின்னாளில் அந்த அனுபவத்தைக் கொண்டு ஒரு சிறுகதை எழுதினார். 1921 இல் அது வெளிவந்தது. வெள்ளை ஆட்சியின் தற்பெருமையையும் மூழ்குவோன் ஒருவனின் சாவையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டிய கதை அது. அதே 1906 இல் ஒரு கம்பனி, ஆண்டுக்கு 3,10,000 ரூபா தருவதாக ஒப்பி, இருபது ஆண்டுக்கு முத்துப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளில் பார்கள் வெறுமையாயின, கம்பனியும் நொடித்தது. தூத்துக்குடிப் பக்கத்திலும் 1961 உடன் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. பின்னர் 1973 இல் அதே தூத்துக்குடியில் அழகர்சாமி என்ற மீன்வள அறிஞர் வளர்ப்பு முத்தை விளைவித்துக் காட்டினார்.

வளர்ப்பு முத்தின் வரவால் பாரசீக வளைகுடாவின் முத்துக் குளிப்போரும் வேலை இழந்தனர் என்பது உண்மை. ஆனால் அவர்கள் எத்தகைய வேலையை இழந்தனர்? தந்தை பட்ட கடனை மகன் மூழ்கி அடைக்க, மகன் பட்டதைப் பேரன் அடைக்க, தலைமுறை தலைமுறையாக நீண்ட கடன் அடிமை வேலையை. அவ்வேலை போனதற்கு அழுவதா, போனபின் வேறு வாழ்வு தராத சமூகத்தைச் சினப்பதா என்பது எளிதில் தீர்க்கும் வினா அன்று. ஒன்று மட்டும் தெளிவு. எக்ஸ் கதிர்ப் படத்தில் வளையம் வளையமாகத் தெரியும் மாசற்ற முத்தினுள்ளும் அந்தப் படத்தில் விழாத ஒரு பொய் இருந்திருக்கிறது. அதன் விலைக்கும் அதை எடுத்தவனின் கூலிக்கும் இடையே இருந்த பொய் அது.

போலிக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டில் பாரிசில் ஒருவர் ஆற்று மீனின் செதிலிலிருந்து வெள்ளிப் பளபளப்பை வடித்து, கண்ணாடிக் குமிழின் உள்ளே பூசி, மெழுகால் நிரப்பி முத்துப்போல் செய்தார். கண்ணாடி மணியின்மேல் பூச்சிடும் முறைகள் பின்னர் வந்தன. இன்று பிளாஸ்டிக்கும் வந்துவிட்டது. மாளிகை கொடுத்து மாலை வாங்க இயலாத கோடானு கோடிப் பெண்களுக்கு அழகிய பொருள் ஒன்றைச் சில காசுக்குக் கொடுத்த தொழில் இது. கண்ணாடி மணி எவரையும் ஏமாற்றுவதில்லை. அது தன்னை முத்தென்று சொல்லிக்கொள்வதில்லை. அதைக் கையில் எடுத்து முத்தென்று சொல்பவன் ஒருவன் வேண்டும்.

இந்நிலையில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். இது எவர் வீட்டுக் கதையும் அன்று. ஆனால் நடந்திருக்கக் கூடாத கதையும் அன்று. ஓர் ஆச்சிக்குத் தாய்வழியில் வந்த முத்துமாலை. கணவன் கடலில் போனபின் பிள்ளைகளை வளர்க்க, ஒருவரும் அறியாமல், மாலையின் மெய்முத்துக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி விற்று, அந்த இடங்களில் கண்ணாடி மணிகளைக் கோத்து வைத்தாள். நல்ல நாள் பெருநாளில், முத்துமாரி அம்மன் கோயில் திருவிழாவில், அதை அணிந்து சென்றாள். ஊர் பார்த்தது, வாழ்ந்தகுடி தாழவில்லை என்று எண்ணியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இறந்து நெடுநாள் சென்று, தொலைநாட்டில் இருக்கும் பேத்தி அதைச் சோதனைக்குக் கொடுக்கிறாள். போலி என்று தாள் வருகிறது.

ஆச்சி பொய் சொன்னாளா?

கண்டிப்பானவர் ஒருவர், ஊரை நம்பவைத்தாள், ஆகவே பொய்யே என்பார். ஆனால் பொய்யின் தீமை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடி மாலையால் எவர் பொருளையாவது அவள் பெற்றாளா? எவர் உரிமையையாவது பறித்தாளா? ஒரு பெண்ணின் மதிப்பை அவள் கழுத்தில் கிடப்பதைக் கொண்டு எடைபோட்ட ஊரின் பார்வைக்கு அவள் கொடுத்த விடை அந்த மாலை. வினா கோணலாக இருந்தது; விடையும் கோணலாயிற்று. குற்றத்தின் பெரும்பங்கு வினவியவர்க்கு உரியது.

ஆனால் கதையை இன்னும் ஓரடி நகர்த்துவோம். அதே மாலையை அவள் தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தாள் என்று வைத்துக்கொள்வோம். 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்தின் வழிவந்த நம் சமூகத்தில் சீதனம் வெறும் பரிசன்று, சட்டப் பொருள். சீதன உறுதியில் “முத்துமாலை ஒன்று, பெறுமதி இவ்வளவு” என்று எழுதி, அதை நம்பி இன்னொரு குடும்பம் கையொப்பமிட, மற்ற மகளுக்கு அந்தப் பெறுமதி கழிக்கப்பட்டால்? அங்கே கண்ணாடி மணி முத்தாக எண்ணப்பட்டுவிட்டது. அங்கேதான் பொய் பிறக்கிறது. அந்த மாலையால் ஒருவர் பங்கு குறைகிறது. கோயிலில் அணிந்தபோது அவளுடைய மௌனம் அவளுக்கு மட்டுமே உரிய துயரம். உறுதியில் எழுதும்போது அதே மௌனம் பிறர்க்கு இழைக்கும் தீங்கு. மணி ஒன்றே, இழையும் ஒன்றே. இடம் மாறியதும் அறம் மாறிவிட்டது.

அப்படியாயின் பேத்தி என்செய்ய வேண்டும்? சொல்ல வேண்டும் என்றே கருதுகிறேன். பங்கிடுமுன், உடன்பிறந்தார் எல்லோரும் இருக்கும்போது, சொல்ல வேண்டும். ஆச்சியின் மானம் போய்விடாதா என்று அஞ்ச வேண்டியதில்லை. முத்தை விற்றுப் பிள்ளைகளைக் காத்தாள் என்பதைவிட மானமான செய்தி ஒரு குடும்பத்துக்கு வேறு என்ன உண்டு? அந்த மாலைக்குப் பணப் பெறுமதி இடவேண்டாம். அதை எல்லோரும் விரும்பினால், முத்துக்காக அன்றி ஆச்சிக்காக விரும்புவார்கள்.

இதில் இன்னொரு கசப்பான பக்கமும் உண்டு. சோதனை என்பது எல்லோர்க்கும் ஒன்றுபோல் நிகழ்வதில்லை. நகைச் சோதனையால் ஓர் உயிர் போன கதை தமிழனுக்குப் பழங்கதை. சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். இரண்டு சிலம்பும் வெளித்தோற்றத்தில் ஒத்திருந்தன. திருடிய பொற்கொல்லனின் சொல்லை மன்னன் சோதிக்கவில்லை. ஊருக்குப் புதியவனான கோவலனின் பொருளும் சோதிக்கப்படவில்லை. சோதனை நடந்தது கொலைக்குப் பின்னர். அதுவும் கண்ணகி தன் சிலம்பைத் தானே உடைத்துக் காட்டியபோதுதான். வலியவன் சொன்னால் அது சான்று. எளியவள் தன் பொருளை உடைத்தால்தான் அது சான்று. நெருப்பிலும் காடியிலும் முத்தைச் சோதிப்பதைப் பற்றி முன்னர்க் கூறியது இங்கே பொருந்துகிறது. மெய்யென்று காட்டுவதற்காக மெய்யையே அழித்துக்கொள்ள வேண்டிய நிலையில் ஒருத்தியை நிறுத்துவது நீதியன்று.

அந்த நிலை ஒழிந்துவிட்டதா? அடைவு பிடிக்கும் கடையின் மேசைக்கு முன்னால் நின்று பாருங்கள். அவசரச் செலவுக்கு நகை கொண்டுவரும் பெண்ணின் பொருள் உரசப்படுகிறது, நிறுக்கப்படுகிறது, ஐயுறப்படுகிறது. முத்துக்கும் கல்லுக்கும் பெரும்பாலும் மதிப்பில்லை. பொன்னின் நிறைக்கே பணம். அது வணிக முறை என்பர், இருக்கட்டும். ஆனால் அதே பெண் பத்தாண்டுக்கு முன் அந்த நகையை ஒரு கடையில் வாங்கியபோது அதே முத்துக்கு முழு விலை கொடுத்திருக்கிறாள். அன்று கடைக்காரரின் சொல்லை உரசிப் பார்க்கும் கல் எதுவும் அவள் கையில் இருக்கவில்லை. விற்கும்போது முத்து, வாங்கும்போது வெறும் மணி. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர். இரண்டு பெயரையும் இடுகிற உரிமை ஒரே பக்கத்துக்கு! போலிமுத்தைக் கண்டறியும் வழிகளைக் கற்பது இந்த அநீதிக்கு எதிரான சிறு கருவி என்பதாலேயே மேலே அவற்றை விரித்துக் கூறினேன். பூதக்கண்ணாடி ஒன்று அதிக விலையன்று. துளையின் வாயை நோக்கத் தெரிந்த பெண்ணிடம் வியாபாரி சொற்களை அளந்துதான் பேசுவான்.

ஆனால் தனித்தனியே ஒவ்வொருவரும் பூதக்கண்ணாடியோடு அலைவதால் மட்டும் நேர்மை நிலைபெற்றுவிடாது. நாணயத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு, தெரிந்தவன் தோளில் இருக்க வேண்டும். தெரியாதவள் தோளில் அன்று. விற்பவன் தான் விற்கும் பொருளின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுக்கட்டும்: இது கடலில் தானே விளைந்த முத்து, இது வளர்ப்பு முத்து, இது நன்னீர் முத்து, இது கண்ணாடி. நான்கில் எதுவும் இழிவன்று. இன்று சீனத்தின் குளங்களிலும் ஏரிகளிலும் விளையும் நன்னீர் முத்து உலகச் சந்தையை நிறைத்திருக்கிறது; உழைக்கும் பெண்ணும் மெய்முத்து அணியக் கூடிய காலம் வந்துவிட்டது. பெயரை மறைப்பதில் இனி எவர்க்கும் ஆதாயம் இருக்கக் கூடாது.

வீடுகளிலும் இவ்வாறே செய்யலாம். பெட்டகத்தில் நகையை வைப்பவர்கள் அதனோடு ஒரு துண்டுத் தாளையும் வைக்கட்டும். இது எங்கே வாங்கியது, எப்போது ஈடு போனது, எப்போது மீண்டது, எந்த மணி மாற்றப்பட்டது, எதற்காக மாற்றப்பட்டது என்று தன் கைப்பட எழுதி வைக்கட்டும். எக்ஸ் கதிர்ப் படம் முத்தின் வயிற்றில் மணி இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். எந்தப் பஞ்சத்தில், எந்தப் பிள்ளையின் படிப்புக்காக, எந்தக் கப்பல் திரும்பாத ஆண்டில் அந்த மணி மாறியது என்பதை அது சொல்லாது. அதை எழுதி வைக்க வேண்டியவர்கள் நாம். அத்தாள் உள்ள பெட்டகத்தில் கண்ணாடி மணி கிடந்தாலும் அந்த வீட்டில் எவரும் ஏமாறப் போவதில்லை.